நீலம் வெளுக்கும் நேரம்

என் மாட்டுப் பாலில் விட்ட நீல மருந்து ஒரு மணி பதினோரு நிமிடத்தில் வெளுத்துப்போனது. மலைமேல் ஊர்ச் செல்லியின் மாட்டுப் பாலில் விட்ட அதே மருந்து ஐந்தே முக்கால் மணி நேரம் அசையாமல் நீலமாகவே நின்றது. நீலம் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவுக்குப் பாலில் கிருமி குறைவு என்று அர்த்தம். 1962-ல் எங்கள் மலையடிவாரத்துக்கு வந்து இறங்கிய பால் தூய்மை நிலையம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். அதற்கு முன்னால் எனக்குக் கிருமியையும் தெரியாது, செல்லி மேல் ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளுடைய மயிலை மாட்டையும் என் செவலை மாட்டையும் திருப்பத்தூர் சந்தையில் ஒரே நாளில், ஒரே ஆளிடம் வாங்கினோம். முதலில் தேர்ந்தெடுத்தவன் நான். பல்லைப் பார்த்து, மடியைத் தடவி, சுழி பார்த்து, நல்லதை நான் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மிச்சம் நின்றதை அவள் ஓட்டிக்கொண்டு மலையேறினாள். அந்த மிச்சத்துக்குத்தான் இப்போது முதல் தரம் என்று பச்சை மையில் எழுதி நிலையத்தின் வாசலில் ஒட்டினார்கள். என் பெயர் அதே தாளில் கீழே சிவப்பு மையில் இருந்தது.

மூன்று முறை சிவப்பு மையில் பெயர் வந்தால் மாட்டை நிலையம் எடுத்துக்கொள்ளும். ஏரிக்கரையில் அதற்கென்று கண்காணிப்புக் கொட்டில் ஒன்று கட்டியிருந்தார்கள். அங்கே போன மாடு வீடு திரும்பியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நிலையத்தின் ஒழுங்கு ஆரம்பத்தில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பட்டாளத்தில் ஏழு வருஷம் சமையல் பிரிவில் இருந்தவன் நான். விசில் கேட்டால் தானாக எழுந்து நிற்கிற உடம்பு. காலை ஆறு மணிக்குள் பால் கேன்களைக் கொண்டுவந்து, தகரக் கூரை போட்ட காத்திருப்பு மேடையில் எண் வரிசைப்படி வைக்க வேண்டும். என் எண் பதினேழு. பியூன் மஜீத் பாய் ஒவ்வொரு மூடிக்கும் அரக்கு முத்திரை வைப்பார். அதற்குப் பிறகு சொந்தக்காரனே கேனைத் தொடக்கூடாது. மேடை கிழக்குப் பார்த்தது, காலை வெயில் முழுக்க அதன் மேல்தான் விழும். அலுவலர் ஆதிநாராயணன் பத்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். டீ குடித்து, நாட்காட்டியில் தேதி கிழித்து, பதினொரு மணிக்கு முத்திரைகளை உடைக்கச் சொல்வார். எல்லாக் கேனிலிருந்தும் ஒரே கரண்டியால் பாலை மொள்வார்கள். கரண்டியை அலசுவதற்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. வாளித் தண்ணீரைத் திங்கட்கிழமை மாற்ற வேண்டும் என்பது விதி. தவறாமல் திங்கட்கிழமை மாற்றினார்கள்.

செல்லிக்கு இந்த ஒழுங்கு ஒன்றும் கிடையாது. சாமைக் காட்டில் களை எடுத்துவிட்டு, அப்புறம் சாவகாசமாக மாட்டைக் கறந்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்குகிற சுரைக்குடுக்கையில் பாலை ஊற்றி, வாய்க்குப் புங்க இலையைச் செருகிக்கொண்டு, மர நிழலோடு இறங்கி வருவாள். வந்து சேரும்போது பதினொன்றே முக்கால் இருக்கும். தாமதமாக வருகிறவர்கள் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். மஜீத் பாய் எழுதுவார், அவள் கைநாட்டு வைப்பாள். அதற்குள் கரண்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஆகவே குடுக்கையிலிருந்து நேராகக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி மருந்து விடுவார்கள். அப்படிப்பட்ட ஒருத்திதான் முதல் தரம்.

முதல் சிவப்பு மை விழுந்த அன்று நான் அலுவலர் முன்னால் போய் நின்றேன்.

“உங்க பால்ல கிருமி கோடிக்கணக்குல இருக்கு, சந்தியாகப்பன்,” என்றார்.

“எப்படிங்க வந்துச்சு?”

“அதைத்தான் நாங்க உங்களைக் கேக்கிறோம்.” பிறகு கொஞ்சம் இரங்கி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார். “மடியை விட்டு வரும்போது பால் ஏறக்குறைய சுத்தமாத்தான் வருது. வெளியே வந்தப்புறம் அது எந்தச் சூழ்நிலையில நிக்குது, எவ்வளவு சூட்டுல நிக்குது, எந்தப் பாத்திரம் படுது, எந்தத் தண்ணி படுது, எத்தனை மணி நேரம் ஆகுது, அதையெல்லாம் பொறுத்துத்தான் கிருமி. மலைக்கு ஒரு கிருமி, சமவெளிக்கு ஒரு கிருமி. கோடைக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு. கிருமி இல்லாத இடமே உலகத்துல கிடையாது.”

“இங்கயும் இருக்குதுங்களா?”

“இங்கே எப்படி இருக்கும்? போன மார்ச் மாச உத்தரவுப்படி இந்த வளாகம் கிருமியற்ற இடம்னு அறிவிக்கப்பட்டிருக்கு. வாசல்ல போர்டு பாக்கலையா?”

பார்த்திருந்தேன். ஒழுங்காக எழுதப்பட்ட எந்தப் போர்டையும் நம்புகிறவன் நான்.

ஒரு படிவம் கொடுத்தார்கள், ஆறு பக்கம். கொட்டில் எந்தத் திசை பார்க்கிறது, கறக்கும்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது, கிருமி பாலுக்குள் நுழைந்தது சொந்தக்காரருக்குத் தெரிந்தா தெரியாமலா, தெரிந்து நுழைந்திருந்தால் ஏன் தடுக்கவில்லை என்றெல்லாம் கேள்விகள். கடைசிக் கேள்வி, இதில் சொன்னதெல்லாம் உண்மை என்று மாடு ஒப்புக்கொள்கிறதா என்பது. அதற்காகச் செவலையை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். மஜீத் பாய் அதன் முன்னங்காலைத் தூக்கி மைப்பெட்டியில் அழுத்திப் படிவத்தில் பதித்தார். மாடு மிரண்டு காத்திருப்பு மேடையிலேயே சாணி போட்டது. ‘விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று அலுவலர் எழுதிக்கொண்டார்.

சாணி மூன்று நாள் அங்கேயே கிடந்தது. கிருமியற்ற வளாகத்துக்குக் கூட்டுகிற ஆள் எதற்கு என்று அந்த வேலையையே மேலிடம் அனுமதிக்கவில்லையாம். ஈக்கள் சாணியிலிருந்து கேன்களுக்கும் கேன்களிலிருந்து கரண்டிக்கும் போய் வந்துகொண்டிருந்தன. எனக்கு அப்போது அதெல்லாம் கண்ணில் படவில்லை. செல்லி வருகிற வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி மார்த்தாள் அன்றைக்குச் சோறு போடும்போது கேட்டாள்.

“நம்ம பாலு கெட்டுப்போச்சுன்னு வருத்தமா உங்களுக்கு? இல்ல அவ பாலு நல்லா கீதுன்னு வருத்தமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“ஒண்ணு இல்லிங்க,” என்றாள். குழம்பை ஊற்றாமலே எழுந்து போய்விட்டாள்.

ஒரு நாள் விடியும் முன் மலையேறிப் போய் செல்லியின் வீட்டுக்கு எதிரே ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்து அவளை வேவு பார்த்தேன். ஏதாவது பச்சிலை, மருந்து, மந்திரம் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமே இல்லை. என் கொட்டிலைவிட அவள் கொட்டில் மோசம். அவள் கை காய்ப்புக் காய்த்து வெடித்திருந்தது. மடியை ஈரத் துணியால் துடைத்தாள். முதல் நாலு பீச்சலைக் குடுக்கையில் விடாமல் கொட்டில் ஓரத்தில் நட்டிருந்த கல்லின் மேல் விட்டாள். சாமிக்காம். அதன் பிறகுதான் குடுக்கையைப் பிடித்தாள். கறந்து முடித்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாண்ணா இவ்ளோ தூரம்?”

“சும்மா. பலாப்பழம் பாக்க வந்தன்.”

“பலாவுக்கு இன்னும் ரெண்டு மாசம் கீதே,” என்று சொல்லிவிட்டு, ஒரு குவளை கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். கூழும் நன்றாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாளிலிருந்து அவள் செய்ததெல்லாம் செய்தேன். மலையிலிருந்து புல் கட்டுக் கட்டாக இறக்கினேன். கேனைப் புகையில் காட்டினேன். மடியைத் துடைத்தேன். முதல் நாலு பீச்சலை எந்தச் சாமிக்கு விடுவது என்பதில் மட்டும் ஒரு தடங்கல் வந்தது. பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர், அந்தோணியாருக்கு விட்டால் குற்றமில்லை, ஆனால் சுரூபத்தின் மேல் விடாதே என்றார். அப்படியே செய்தேன். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, வரிசையில் முதல் ஆளாகக் கேனைக் கொண்டுபோய் வைத்தேன்.

ஐம்பத்தெட்டு நிமிடத்தில் வெளுத்தது. பக்கத்தில் ‘புகை நாற்றம்’ என்று கூடுதலாக ஒரு குறிப்பு. இரண்டாவது சிவப்பு மை. செல்லிக்கு அன்று ஆறு மணி நேரம் ஆகியும் நீலம் போகவில்லை. அலுவலகம் மூடுகிற நேரமாகிவிட்டதால் ‘நிரந்தர நீலம்’ என்று எழுதிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

மஜீத் பாய்தான் வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்.

“அண்ணா, நானு ஒண்ணு சொல்றேன், யார்ட்டயும் சொல்லாதீங்க. அந்தப் பொண்ணு லேட்டா வர்றா. உங்க பாலு இங்க அஞ்சு மணி நேரம் வெயில்ல வேவுது. கரண்டி வேற. நீங்களும் லேட்டா வாங்க. மன்னிப்புக் கடுதாசி நான் எழுதறேன்.”

எனக்குத் தலையில் யாரோ தட்டியது போல் இருந்தது. அடுத்த நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகத் தாமதமாகப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தாமதச் சலுகை ஆயிரத்தைந்நூறு அடி உயரத்துக்கு மேல் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று அலுவலர் ஜன்னல் வழியாகச் சொன்னார். அடிவாரத்துக்காரன் ஆறு மணிக்குள் வராவிட்டால் பால் கொடுக்கவில்லை என்று பொருள். பால் கொடுக்கவில்லை என்றால் கெட்ட பாலை மறைத்தான் என்று பொருள்.

“அந்த செல்லியால ஆறு மணி நேரம் நீலமா வெச்சிருக்க முடியுதுன்னா உங்களால ஏன் முடியல?” என்று கேட்டுவிட்டு ஜன்னலையும் சாத்தினார்.

அவள் பெயரைச் சொல்லிச் சொல்லியே என் மாட்டைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று புரிந்தது. நேரத்துக்கு வருகிற நான் குற்றவாளி, நினைத்தபோது வருகிற அவள் உத்தமி. அன்று மத்தியானமே ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். செல்லி என்பவளின் பால் நன்றாக இருப்பது அவளுடைய திறமையால் அல்ல, மலைக் குளிரால், மலைப் புல்லால், அவள் தாமதமாக வருவதால். நிலையம் மட்டும் அவள் வாசலிலேயே இருந்து, அவளும் எங்களைப் போல ஆறு மணிக்கு வரிசையில் நின்றால் அப்போது தெரியும் அவள் யோக்கியதை. இப்படிக்கு உண்மை விளம்பி. தபாலில் போட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், உண்மை விளம்பிக்குப் பக்கத்தில் ‘எண் 17’ என்றும் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. எண் போடாத தாளை நிலையம் வாங்காது என்று பழக்கி வைத்திருந்தார்கள். கை பழகிவிட்டது.

ஒரு மாதம் பயந்துகொண்டே இருந்தேன். வந்தது தண்டனை இல்லை, லாரி. நிலையத்தை அப்படியே பிரித்து ஏற்றிக்கொண்டு போய்ச் செல்லியின் ஊரில், அவள் வீட்டுக்கு நேர் எதிரே கட்டினார்கள். முதல் தரச் சூழ்நிலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிலையம் இருக்க வேண்டும் என்று யாரோ பொதுநல நோக்கோடு யோசனை எழுதியிருந்தார்களாம். மலையில் வேலை என்பதால் ஆதிநாராயணனுக்கு ஒரு ஜீப் கொடுத்தார்கள். தகரக் கூரையும் கரண்டியும் வாளியும் போர்டும் கூடவே போயின. அடிவாரத்துக் கோப்புகளை முடித்து வைத்துவிட்டார்கள், என் இரண்டு சிவப்பு மையும் அதோடு தீர்ந்தது. செவலை தப்பித்தது.

அதன் பிறகு வாணியம்பாடியிலிருந்து சைக்கிளில் வருகிற ஆட்கள் ஆறு மணிக்கே எங்கள் பாலை வாங்கிக்கொண்டு போனார்கள். யார் வீட்டிலும் பால் திரியவில்லை. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் செல்லியின் வாசலில் நிலையம், செல்லியின் வாசலில் கொடிக்கம்பம், செல்லியின் வாசலில் ஜீப் என்று ஊரெல்லாம் பேசினார்கள். சந்தையில் பார்த்தபோது அவளே சொன்னாள்.

“ஆபீசு வூட்டாண்டயே வந்துட்சுண்ணா. இனிமே எறங்கி ஏற வேணாம். காலு நோவு மிச்சம்.”

நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. பதினைந்து நாள் கழித்து அவள் பெயர் சிவப்பு மையில் வந்தது என்று கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் இரண்டாவது முறையும் வந்தது. மறைப்பானேன், இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டேன். மார்த்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது பரிசோதனை நாளில் ‘எண் 17 நேரில் வரவும்’ என்று எனக்கு ஓலை வந்தது. போனேன். பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, என் கழுத்தில் ஒரு மாலையும் போட்டார்கள். செல்லி அவள் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். வாசலிலிருந்து பத்தடியில் காத்திருப்பு மேடை. அவளுடைய சுரைக்குடுக்கையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கேன் கொடுத்திருந்தார்கள். வீடு எதிரிலேயே இருப்பதால் தினமும் முதல் ஆளாக அவளை வரச் சொல்லிவிட்டார்களாம். கேன் காலை ஐந்தரையிலிருந்து தகரத்தின் கீழே இருந்தது. ஜீப் வந்தபோது பன்னிரண்டு மணி.

அவள் பாலை மொண்டு மருந்து விட்டு, குழாயை எல்லாரும் பார்க்கும்படி மேஜை மேல் சுடுதண்ணீரில் நிறுத்தினார்கள். ஆதிநாராயணன் பேச எழுந்தார்.

“இந்த நிலையம் இவ்விடத்துக்கு வந்ததற்கு ஒரே காரணம் எண் பதினேழு, திருவாளர் சந்தியாகப்பன் அவர்கள். தன்னுடைய மாட்டைவிட அடுத்தவர் மாட்டின் மேல் இவ்வளவு அக்கறை கொண்ட ஒரு குடிமகனை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.” பிறகு என் கடிதத்தை முழுவதும் சத்தமாக வாசித்தார். ‘தெரியும் அவள் யோக்கியதை’ என்ற இடத்தில் நிறுத்தி, இரண்டாவது தடவையும் வாசித்தார். கைதட்டினார்கள். குழாயில் நீலம் வெளுத்துக்கொண்டே வந்தது. பேச்சு முடியும்போது மேஜை மேல் வெறும் பால்தான் இருந்தது.

“மலைக் குளிர் அப்படியே இருக்கிறது,” என்றார் அலுவலர். “மலைப் புல் அப்படியே இருக்கிறது. இவற்றோடு கிருமியற்ற வளாகமும் வந்து சேர்ந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் பால் கெடுகிறது என்றால், குறை மாட்டிடம்தான் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது.”

நான் எழுந்தேன். கழுத்தில் மாலையோடு எழுந்தேன். “ஐயா, மாட்டு மேல தப்பு இல்லிங்க. பாலு ஆறு மணி நேரமா வெயில்ல நிக்குது. அந்தக் கரண்டிய ஒரு தரம் பாருங்க.”

“நல்ல யோசனை. எழுதிக் கொடுங்கள், எண் போட்டு. அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் வைக்கலாம்.”

“அதுக்குள்ள மாடு போய்டும்ங்க.”

“மாடு போவது வேறு கோப்பு,” என்றார்.

கூட்டம் கலைந்தது. செல்லி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீதானா எழுதினது?”

“ஆமா.”

“ஏண்ணா?”

“உன் பாலு நீலமாவே நின்னுச்சு.”

அவள் மேஜை மேலிருந்த குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அந்த நீலம் இன்னாத்துக்குன்னே எனக்கு இன்னும் தெரியாதுண்ணா. வரச் சொன்னாங்க, வந்தன். கைநாட்டு வெக்கச் சொன்னாங்க, வெச்சன்.”

மாலையைக் கழற்றினேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜீப்பில் மாடு ஏறாது. எண் பதினேழு எப்படியும் அடிவாரத்துக்குத்தான் போகிறார், அவரே ஓட்டிக்கொண்டு போய் ஐந்து மணிக்குள் ஏரிக்கரைக் கொட்டிலில் ஒப்படைக்கட்டும் என்று அலுவலர் உத்தரவு எழுதினார். செல்லி மயிலையை அவிழ்த்துக் கொண்டுவந்து கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

“எறக்கத்துல வெரட்டாத. முன்னங்காலு கொஞ்சம் தாங்கித் தாங்கி வெக்கும்,” என்றாள். மாட்டின் கழுத்தில் கை வைத்தாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விரட்டாமல்தான் இறக்கினேன். அப்படியும் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கொட்டிலுக்கு வந்துவிட்டேன். கொட்டில்காரன் உள்ளே எங்கேயோ இருந்தான். மயிலையின் மடி கனத்து, காம்பிலிருந்து பால் தானாகவே மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக நான் பொறாமைப்பட்ட பால் அது, ஒரு துளிகூட நான் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. குனிந்து ஒரு கை கறந்து குடித்தேன். என் செவலையின் பாலைப் போலத்தான் இருந்தது. நம்ப முடியாமல் இன்னொரு கை கறந்து குடித்தேன். அப்போதும் அப்படியேதான் இருந்தது. மூன்றாவது முறை கையை நீட்டியபோது கொட்டில்காரன் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டான்.